மலிவு மை பிரின்டரைக் கொல்வதில்லை

வவுனியா பசார் வீதியிலிருந்து பரந்தன் சந்தி வரை எந்தக் கடையில் ஏறி மை கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். "ரீச்சர், கண்டதையும் ஊத்தினா ஹெட் போயிடும். ஒறிஜினலே போடுங்கோ." கடைக்காரரின் வாயிலிருந்து புறப்பட்ட இந்த வாசகம் ஆசிரியர் ஓய்வறைக்குப் போய், அங்கிருந்து அலுவலகங்களின் கொள்வனவுக் கடிதங்களில் ஏறி, இன்று கேள்வி கேட்க ஆளில்லாத விதியாகிவிட்டது. வேறு கம்பனி செய்த மை பிரின்டரைக் கெடுக்கும், வாரண்டி போகும், எழுத்து மங்கும், மிச்சம் பிடித்த காசு திருத்தக் கூலியில் போகும் என்று அடுக்குகிறார்கள். இவற்றில் உண்மை உள்ள இடம் கொஞ்சம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் இது தவறான அறிவுரை. வன்னியில் அது, இல்லாதவர் மடியில் கைவைக்கிற அறிவுரையும்கூட.

இங்கே வீட்டில் பிரின்டர் வைத்திருப்பவர் யார்? தரம் ஐந்து புலமைப்பரிசில் வகுப்பு எடுக்கும் ரீச்சர். சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் அடித்துக் கொடுக்கும் ரியூசன் மாஸ்டர். முன்பள்ளி ஆசிரியை. பிரதேச செயலகத்துக்குப் போகும் விண்ணப்பங்களை ஊராருக்கு நிரப்பிக் கொடுக்கும் பெடியன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, கைப்பேசியும் சிக்னலும் இல்லாத பிள்ளைக்குச் செயலட்டைதான் பள்ளிக்கூடமாக இருந்தது. அவற்றில் எத்தனையோ ஆசிரியர்களின் சொந்தப் பிரின்டரில், சொந்த மையில் அடித்தவை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. தலைநகரத்தைச் சூழ்ந்த மாகாணத்துக்கே அந்தக் கதி என்றால் ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் என்ன கதி என்று சொல்லவேண்டியதில்லை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் கிளிநொச்சி, 18.2 வீதம். அடுத்தது முல்லைத்தீவு, 12.7 வீதம். அந்த ஆண்டு நாட்டின் மொத்த வீதம் 4.1 மட்டுமே. வறுமைக்கோட்டைத் திருத்திக் கணக்கிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில் முல்லைத்தீவு 44.5 வீதத்தோடு முதலிடத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட மாவட்டங்களில் ஒரு பக்கத்துக்குக் கூடுதலாகச் செலவாகும் ஒவ்வொரு ரூபாவையும் ஒன்றில் பிள்ளையின் தகப்பன் கொடுக்கிறார், இல்லையென்றால் வினாத்தாளில் பக்கங்கள் குறைகின்றன.

அந்த ரூபா எங்கே போகிறது? கனன் பிஜி 745 என்ற கறுப்புக் காட்ரிட்ஜை எடுங்கள். அதற்குள் இருக்கும் மை 8 மில்லிலீற்றர். பாணி மருந்து கொடுக்கும் சின்னக் கரண்டியில் இரண்டு கரண்டிகூட வராது. அதே அளவுக் கூட்டுக்குள் 12 மில்லிலீற்றர் ஊற்றி 'எக்ஸ்எல்' என்று கூடிய விலைக்கு விற்கிறார்கள். கூடு ஒன்றுதான், இடமும் இருக்கிறது, நிரப்பாமல் விடுகிறார்கள். எச்பி 680 கறுப்புக் காட்ரிட்ஜ் ஐஎஸ்ஓ நியமக் கணக்கில் 480 பக்கம் அடிக்கும். கலர் 150 பக்கம். இருபது பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்புக்கு நாலு பக்க வினாத்தாள் ஆறு தரம் அடித்தால் அந்த 480 முடிந்தது. போட்டோக்கொப்பி அடிக்கலாமே என்பீர்கள். கிளிநொச்சி டவுனில் இருப்பவருக்கு அது சரி. கொப்பி அடிக்க மல்லாவிக்கோ மாங்குளத்துக்கோ பஸ் பிடிக்கவேண்டிய ஊர்களும் வன்னியில் இருக்கின்றன.

இனி அந்த 'ஹெட் போயிடும்' என்ற பயமுறுத்தலுக்கு வருவோம். இதைச் சொல்பவர்களில் பலர் ஹெட் எங்கே இருக்கிறதென்று பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எச்பி 680, கனன் 745 போன்ற காட்ரிட்ஜ் ஒன்றைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். முதுகுப் பக்கம் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக மின்தொடுகைகள். அடியைத் திருப்பினால் விரல்நகத்தைவிடச் சிறிய ஒரு தகடு. வெற்றுக் கண்ணுக்குப் பிடிபடாத துவாரங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு துவாரத்துக்கும் பின்னால் ஒரு நுண்ணிய சூடாக்கி. மின்சாரம் பட்டதும் மை கணநேரம் கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழி ஒரு துளியைத் தாளில் தள்ளும். ஹெட் என்பது இதுதான். அது பிரின்டரில் இல்லை, காட்ரிட்ஜிலேயே ஒட்டியிருக்கிறது. நிரப்பிய மை மோசமாக இருந்து துவாரம் அடைத்தால் போவது அந்தக் காட்ரிட்ஜ். வேறு காட்ரிட்ஜைப் போட்டால் புது ஹெட்டும் கூடவே வருகிறது. திரும்பத் திரும்ப நிரப்பினால் சூடாக்கிகள் தேய்ந்து எழுத்தில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கும். அப்போது அதை வீசிவிட வேண்டியதுதான். வீட்டுப் பிரின்டர்களில் பெரும்பங்கு இந்த வகை மலிவு மெஷின்கள். அவற்றின் சொந்தக்காரருக்கு 'ஹெட் போயிடும்' என்று சொல்வது வீண் பயம் காட்டுவது.

எப்சன் வேறு மாதிரி. அங்கே ஹெட் மெஷினோடு சேர்ந்தது. சூடாக்கிக்குப் பதிலாக, மின்சாரம் பட்டதும் வளைந்து கொடுக்கும் பீசோ என்ற பொருள் துளியைத் தள்ளுகிறது. அது நிரந்தரமாக அடைத்துக்கொண்டால் மாற்றும் செலவில் பிரின்டரையே கைவிடலாம் என்று தோன்றிவிடும். ஆகவே எப்சன் வைத்திருப்பவர் கவனமாக இருக்கவேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனம் என்பதற்கு 'ஒறிஜினல் மட்டும்' என்று பொருளில்லை. சாயம் கரைந்த மைக்கென்று செய்த பிரின்டரில், நிறத்துகள் மிதக்கும் மையை ஊற்றக்கூடாது. அந்த மொடலின் பெயர் போட்ட மையையே வாங்கவேண்டும். ஒரே தாங்கியில் இரண்டு கம்பனியின் மையைக் கலக்கக்கூடாது. மூடி உடைந்த, வெயிலில் கிடந்த போத்தலைத் தொடக்கூடாது. தாங்கி வறளும் வரை விடக்கூடாது. இவற்றைச் சொல்லிக் கொடுக்க ஒரு கடைக்காரருக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்க விரும்பாததால்தான் ஒற்றை வாசகத்தில் பயமுறுத்தி அனுப்புகிறார்கள்.

வன்னியில் பிரின்டர்களைக் கொல்வது எதுவென்று கேட்டால் நான் முதலில் காட்டுவது சுவரிலுள்ள பிளக்கை. வேலை முடிந்ததும் பிரின்டரின் பொத்தானை அழுத்தாமல் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். பொத்தானை அழுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்காரும், அதற்குப் பிறகே மெஷின் அணையும். சுவரில் அணைத்தால் அது நடுவழியில் திறந்தபடி நின்றுவிடக்கூடும். மின்வெட்டும் இதையே செய்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதே, அப்போது அடித்துக்கொண்டிருந்த தாளோடு உறைந்துபோன பிரின்டர்கள் கொஞ்சமா? சோளகக் காற்றும் புழுதியும் வீட்டுக்குள் வரும் மாதங்களில் திறந்து நிற்கும் ஹெட்டில் மை காய்ந்து கட்டிபடும். எந்தக் கம்பனி மையானாலும் காயும். ஓகஸ்ட் விடுமுறை முழுக்கத் தொடாமல் வைத்திருந்து செப்டெம்பரில் திறந்தால் கறுப்பு வராது. பழி மைக்குப் போகும்.

இன்னொன்று. எப்சன் எல் வரிசைப் பிரின்டர்களில் ஒருநாள் விளக்குகள் மாறி மாறி மின்னும், மெஷின் அடிக்க மறுக்கும். கொண்டுபோனால், "அக்கா, மலிவு மை போட்டிருக்கிறியள்" என்று தீர்ப்பு வந்துவிடும். பல தடவை நடந்தது இதுதான்: ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது உறிஞ்சிக் கழிக்கும் மை, மெஷினுக்கு அடியிலுள்ள பஞ்சுத் திண்டில் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்று பிரின்டர் தானே கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு எல்லையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. ஒறிஜினல் மையையே ஊற்றியிருந்தாலும் அந்த நாள் வந்தே தீரும். திண்டை மாற்றிக் கணக்கை ரீசெட் பண்ணினால் பிரின்டர் மறுபடி ஓடும். இப்படிக் கணக்கு முடிந்து நின்ற மெஷின்களையும் 'கெட்ட மையால் செத்தவை' என்ற பட்டியலில் சேர்த்துச் சேர்த்துத்தான் அந்த நம்பிக்கை இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது.

வாரண்டிப் பேச்சு இன்னும் மோசம். எச்பி தன் வாரண்டிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது: வேறு கம்பனியின் காட்ரிட்ஜையோ மீள நிரப்பியதையோ பாவிப்பதால் மட்டும் வாரண்டி பாதிக்கப்படாது. அந்தக் காட்ரிட்ஜால்தான் பழுது வந்ததென்றால் அந்தப் பழுதைத் திருத்த மட்டும் காசு அறவிடப்படும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே, குறிப்பிட்ட பெயருள்ள பொருளைப் பாவித்தால்தான் வாரண்டி என்று கட்டிப்போடுவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. கம்பனி சொல்லாத ஒரு நிபந்தனையைக் கம்பனியின் பெயரால் நம் ஊர்க் கவுண்டரில் சொல்கிறார்கள். அதோடு, வீட்டுப் பிரின்டருக்குக் கொடுக்கும் ஒரு வருட வாரண்டி முடிந்து நான்காம் வருடம் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கும் அதே பேச்சைப் பேசுகிறார்கள்.

கம்பனிகள் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றன என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கலாம். 2024 ஜனவரியில் எச்பியின் தலைமை அதிகாரியாக இருந்த என்ரிக்கே லோரெஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பிரின்டர் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தங்களுக்கு ஒரு முதலீடு என்றும், அவர் தங்கள் மையை வாங்காவிட்டால் அது மோசமான முதலீடு என்றும் வெளிப்படையாகவே சொன்னார். பிரின்டரை மலிவாகக் கொடுத்து மையில் அறவிடுவதுதான் தொழில். இதில் பாதுகாப்பும் தரமும் இரண்டாம் பட்சம். 2016 செப்டெம்பர் 13ஆம் திகதி உலகின் பல இடங்களில் எச்பி ஒபிஸ்ஜெட் பிரின்டர்கள், முதல்நாள் வரை ஒழுங்காக அடித்த வேறு கம்பனிக் காட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தன. மை கெட்டுப்போகவில்லை. மறுக்கும்படி மெஷினின் மென்பொருளிலேயே முன்கூட்டி எழுதிவைத்திருந்தார்கள். கம்பனி மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. 2020 டிசெம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இதே பழக்கத்துக்காக எச்பிக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது.

2017 மே 30ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் லெக்ஸ்மார்க் என்ற பிரின்டர்க் கம்பனியின் வழக்கில் சொன்ன தீர்ப்பும் இங்கே பொருந்தும். லெக்ஸ்மார்க் தன் ரோனர்க் காட்ரிட்ஜ்களை நிரப்பி விற்ற ஒரு சின்னக் கம்பனியைக் காப்புரிமை காட்டி நீதிமன்றத்துக்கு இழுத்தது. பொருளை விற்றதோடு அதன்மீது இருந்த காப்புரிமை தீர்ந்துவிட்டது, வாங்கியவர் அதை நிரப்பலாம், விற்கலாம் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நம் நாட்டுச் சட்டத்தை அந்தத் தீர்ப்புக் கட்டுப்படுத்தாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய காட்ரிட்ஜ் என்னுடையதா கம்பனியுடையதா என்ற கேள்விக்கு அது நேரான பதில்.

ஒறிஜினலில் இருக்கும் சிப்தான் தரத்துக்குக் காவல் என்பவர்கள் 2022 ஜனவரியை நினைத்துப் பார்க்கவேண்டும். உலகச் சிப் தட்டுப்பாட்டில் கனன் தன் அலுவலக மெஷின்களுக்குச் சிப் இல்லாமலே ரோனர் அனுப்பியது. தன் சொந்த ரோனரையே மெஷின் சந்தேகித்து எச்சரிக்கை காட்டியபோது, அதைத் தாண்டிப் போவது எப்படி என்று ஜேர்மனியில் கனனே வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுத்தது. சிப் இல்லாமலும் தாளில் எழுத்து ஒழுங்காக விழுந்தது.

"அப்ப தாங்கிப் பிரின்டர் வாங்குங்கோவன், ஒறிஜினல் மையே மலிவு" என்பது புதிதாக வரும் பதில். அதில் நியாயம் உண்டு. எப்சன் எல்3110க்குரிய 65 மில்லிலீற்றர் கறுப்புப் போத்தலில் 4,500 பக்கம் அடிக்கலாம் என்று கம்பனியே கணக்குச் சொல்கிறது. புதிதாக வாங்குபவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்தத் தாங்கி எப்படி வந்தது? இந்தோனேசியா போன்ற நாடுகளில் சனங்கள் பிரின்டருக்கு வெளியே போத்தலைக் கட்டி, குழாய் இழுத்து, வேறு கம்பனி மையை ஊற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தையைக் கண்டுதான் எப்சன் 2010இல் தன் தாங்கிப் பிரின்டரை முதலில் இந்தோனேசியாவில் இறக்கியது. 'கண்ட மையை ஊற்றுகிறவர்கள்' கேட்டுப் பெற்றுக் கொடுத்த வசதி அது. அவர்கள் எல்லாரும் அறிவுரைக்குப் பயந்து ஒறிஜினலையே வாங்கியிருந்தால் இன்றைக்கும் எல்லாருக்கும் 8 மில்லிலீற்றர்தான்.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கடைகளில் பேச்சே இல்லை. போலி. வேறு கம்பனி தன் சொந்தப் பெயரில், இன்ன மொடலுக்குப் பொருந்தும் என்று எழுதி விற்கும் மை போலியில்லை. அது நேர்மையான வியாபாரம். பெரிய கம்பனியின் பெட்டியையும் ஸ்டிக்கரையும் அப்படியே அச்சடித்து, உள்ளே என்ன மையென்று தெரியாமல், ஒறிஜினல் விலைக்கோ கொஞ்சம் குறைத்தோ தள்ளிவிடுவதுதான் போலி. 'ஒறிஜினலே போடுங்கோ' என்று சனங்களை விரட்டுவது கடைசியில் இந்தப் போலிக்காரருக்குத்தான் சந்தை பிடித்துக் கொடுக்கிறது. ஒறிஜினலுக்கென்று காசு கொடுத்துப் போலியை வாங்குகிறவர் இரண்டு தரம் ஏமாறுகிறார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடைசெய்கிறது. மை விடயத்தில் அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கவேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு குரலும் கேட்கிறது. அதுதான் என்னைக் கூடுதலாகச் சுடுகிறது. "சண்டைக் காலத்து ஒட்டுவேலைப் புத்தி இன்னும் போகேல்லை" என்று, சிரிஞ்சால் மை நிரப்புகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும், கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானதும் வெட்கப்படவேண்டிய விடயங்களா? அவை மெஷினைத் திறந்து பார்த்து, அது எப்படி ஓடுகிறதென்று விளங்கிக்கொண்ட மனிதர்கள் செய்தவை. 2009க்குப் பிறகு ஏ9 வழியாகத் தவணைக் கம்பனிகள் வந்து இறங்கின. பெட்டி பிரிக்காத புதுப்பொருள்தான் மரியாதை என்ற எண்ணமும் அவற்றோடு வந்தது. திறந்து பார்க்கும் பழக்கத்தைக் கைவிட்டதால் நாங்கள் நாகரிகமடையவில்லை, கடனாளியானோம். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021இலிருந்து ஒரு தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் சந்தையில் விற்கும் மைகளில் எது எந்தப் பிரின்டரில் எத்தனை பக்கம் அடிக்கிறது என்று அளந்து சொல்ல அங்கே படிக்கும் பிள்ளைகளால் முடியும். வன்னிக்கு வேண்டியது அந்த அளவீடு.

ஒறிஜினலையோ அதைவிட நல்லதையோ தேடவேண்டிய இடம் ஒன்று உண்டு, படங்கள். வன்னியில் இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகமுடியாது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு எஞ்சியது ஒரு அடையாள அட்டைப் படம், ஒரு கலியாண வீட்டுக் கூட்டத்தில் தெரியும் முகம். அதைப் பெரிதாக்கி அடித்துத்தான் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் மடியில் வைத்துக்கொண்டு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வெயிலில் மாதக்கணக்காக நிற்கும் படத்தில் முகம் வெளிறினால் அந்தத் தாய்க்கு அது எப்படியிருக்கும்? அப்படிப்பட்ட படத்தை மலிவு மையில் அடிக்கவேண்டாம். ஆனால் பெரிய கம்பனியின் சாய மையில் அடித்தாலும் வன்னி வெயிலில் வெளிறும், தண்ணீர் பட்டால் கசியும். அந்த வேலைக்கு நிறத்துகள் மை வேண்டும், அல்லது ஸ்டூடியோ லாப்பில் எடுக்கவேண்டும், மூலப்படத்தை ஸ்கான் பண்ணி இரண்டு இடத்தில் வைக்கவேண்டும். இங்கேயும் 'ஒறிஜினலா இல்லையா' என்ற கேள்வி உதவவில்லை. எந்த வகை மை, எதற்கு என்ற கேள்வியே உதவுகிறது. வினாத்தாளுக்கு அந்தக் கவலை இல்லை. பிள்ளை அதை எழுதித் திருத்தி முடிக்கும் வரை எழுத்துத் தெரிந்தால் போதும்.

ஆகவே அதிபர்களிடமும் அலுவலகங்களில் கொள்வனவு பார்ப்பவர்களிடமும் கேட்கிறேன்: விலைமனுக் கடிதத்தில் 'ஒறிஜினல் மட்டும்' என்ற வரியை வெட்டிவிடுங்கள். மொடலுக்குப் பொருந்தும் மை, மையின் வகை, உத்தரவாதமான பக்க எண்ணிக்கை, பிழைத்தால் மாற்றித் தரும் பொறுப்பு என்று எழுதுங்கள். கடைக்காரத் தம்பிமாரே, மலிவு மையை மலிவு மையென்று சொல்லி, எந்தப் பிரின்டருக்கு என்று சொல்லி, பற்றுச்சீட்டோடு விற்றுப் பாருங்கள், ஆட்கள் உங்களிடமே திரும்பி வருவார்கள். ஆசிரியர்களே, உங்கள் மொடலுக்கென்று செய்த பொருந்து மையைப் பயமில்லாமல் வாங்குங்கள். கிழமைக்கு ஒரு தரமாவது ஒரு கலர்ப் பக்கம் அடியுங்கள். சுவரில் கை வைக்குமுன் பிரின்டரின் பொத்தானை அழுத்துங்கள்.